கங்காணியும் கண்காணியும்: கிறிஸ்தவத் தலைமை பற்றிக் கொஞ்சம் நிதானமாக

போன வருடம் பட்டர்வொர்த்தில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தோம். "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்" என்ற இடம் வந்ததும் ஒரு பையன் கையைத் தூக்கினான். "அண்ணே, கண்காணின்னா நம்ம தோட்டத்துக் கங்காணியா?" எல்லாரும் சிரித்தோம். சிரித்து முடித்து, தேத்தண்ணி குடித்து, வீட்டுக்குக் கிளம்பி மோட்டாரை ஸ்டார்ட் பண்ணும்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் கேட்டதில் தப்பே இல்லை. அதே சொல்தான்.

செபராங் பிறை பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய என் பாட்டி "கங்காணி" என்று சொன்னால் கூடவே ஒரு பெருமூச்சும் வரும். அந்தச் சொல்லைத்தான் வேதாகமத்தில் சபைத் தலைவனுக்கு வைத்திருக்கிறார்கள். இந்த இடத்திலிருந்து ஆரம்பித்தால் கிறிஸ்தவத் தலைமை என்கிற விஷயம் நமக்குச் சுலபமாகப் பிடிபடும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் இதைப் பற்றிப் பேசாத ஆள் இல்லை, ஆனால் ஆளுக்கொரு அர்த்தம். ஒருவருக்கு அது எல்லாருக்கும் தலையாட்டுகிற சாதுத்தனம், இன்னொருவருக்கு "நான் தேவன் ஏற்படுத்தின தலைவன், என்னைக் கேள்வி கேட்காதே" என்கிற லைசென்ஸ். என் பார்வையில் இரண்டுமே தப்பு.

ஒரே சொல், இரண்டு ஆள்

முதலில் தோட்டத்துக் கங்காணி. இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டபோது, ஏற்கெனவே இங்கே வேலை செய்துகொண்டிருந்த ஒருவரையே துரைமார் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அவர் தன் ஊர்ச் சனத்தை, சொந்தபந்தத்தை, முன்பணம் கொடுத்துக் கப்பல் ஏற்றிக் கொண்டுவருவார். ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கமிஷன். பல தோட்டங்களில், அவர் கூட்டிவந்த ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காசு வேறு. 1938-ல் இந்திய அரசாங்கம் இந்த முறையில் மலாயாவுக்குத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தும் வரை இது ஓடியது. நல்ல கங்காணிகளும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டின் அமைப்பைப் பாருங்கள். கீழே இருக்கிற சனம்தான் அவருடைய வருமானம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அவருக்கு ஒரு காசு நட்டம்.

இப்போது வேதாகமத்துக் கண்காணி. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியில் இந்தச் சொல் எபிஸ்கோபோஸ். எபி என்றால் மேலே, ஸ்கோபோஸ் என்றால் பார்க்கிறவர். ஆக, மேற்பார்வை பார்க்கிறவர். ஆங்கிலத்தில் பிஷப் என்பது இதே சொல் தேய்ந்து வந்ததுதான். தமிழில் கண்ணால் காண்பவர் என்ற பொருளில் கண்காணி என்று அழகாகவே பெயர்த்திருக்கிறார்கள். கத்தோலிக்கர்கள் "ஆயர்" என்பார்கள். முல்லை நிலத்தில் மாடு மேய்த்த அதே ஆயர். அதுவும் பொருத்தம்தான், ஏனென்றால் அப்போஸ்தலர் நடபடிகள் 20-ல் கண்காணி என்ற சொல் வருகிற இடத்திலேயே மந்தையும் கூடவே வருகிறது.

இரண்டு பேருக்கும் வேலை பார்த்துக்கொள்வதுதான். இருவர் கையிலும் அதிகாரம் இருக்கிறது. அப்படியென்றால் எங்கே வித்தியாசம்? பேதுரு தன் முதல் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் மூப்பர்களுக்கு மூன்று நிபந்தனை போடுகிறார். கட்டாயத்துக்காகச் செய்யாதே, ஆதாயத்துக்காகச் செய்யாதே, இறுமாப்பாய் ஆளாதே. தோட்ட வாழ்க்கையை வைத்து இதைப் படித்தால் ஒவ்வொன்றும் பழைய கங்காணி முறையைப் பார்த்தே எழுதியதுபோல இருக்கும். தோட்டத்துக் கங்காணி துரைக்காகவும் தனக்காகவும் சனத்தைப் பார்த்தார். சபைக் கண்காணி சனத்துக்காகச் சனத்தைப் பார்க்கவேண்டும்.

நாசி கண்டார் கடையில் ஒரு சோதனை

"ஊழியத் தலைமை", "பணிவிடைத் தலைமை" என்றெல்லாம் சொல்கிறார்கள். கம்பெனி பயிற்சி வகுப்புகளிலும் இது அடிபடுகிறது. ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர் 1970-ல் எழுதிய ஒரு கட்டுரைக்குப் பிறகுதான் நிர்வாகப் பாடங்களில் அந்தச் சொற்றொடர் பரவியது. பரவியதோடு கொஞ்சம் குழம்பவும் செய்தது.

ஜார்ஜ்டவுனில் மத்தியானம் பன்னிரண்டே முக்கால், ஒரு நாசி கண்டார் கடை. வரிசை வெளியே அஞ்சடி நடைபாதை வரைக்கும் நிற்கிறது. முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்து எச்சில் தட்டுகளை அடுக்க ஆரம்பிக்கிறார். பார்த்தவர்கள், "ஆகா, எவ்வளவு எளிமை!" என்கிறார்கள். ஆனால் பின்கட்டில் எட்டிப் பார்த்தால் வேலையாட்கள் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, போன மாதச் சம்பளம் இன்னும் வரவில்லை, கல்லாவில் ஆள் இல்லாததால் வரிசையும் நகரவில்லை.

பக்கத்துக் கடை முதலாளி தட்டைத் தொட்டே நான் பார்த்ததில்லை. கொஞ்சம் சிடுமூஞ்சி வேறு. ஆனால் பதினோரு மணிக்குள் எல்லா வேலையாட்களும் முறை வைத்துச் சாப்பிட்டுவிடுவார்கள், அதுவும் விற்கிற அதே கறியை. ஏழாம் தேதிக்குள் சம்பளம். குடிகாரன் ஒருவன் வந்து பரிமாறுகிற பையனைத் திட்டினால் எழுந்து போய் நடுவில் நிற்பது முதலாளிதான்.

யார் பணிவிடைத் தலைவர்? நான் இரண்டாமவரைத்தான் சொல்வேன். வேதாகமமும் அவரைத்தான் சொல்லும் என்று நினைக்கிறேன். லூக்கா 12-ல் இயேசு கேட்கிறாரே, வேலைக்காரர்களுக்கு ஏற்ற வேளையில் படி அளக்கிற உண்மையும் விவேகமுமுள்ள விசாரணைக்காரன் யார் என்று. ஏற்ற வேளையில் படி என்றால், பதினோரு மணிக்குச் சாப்பாடு என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஆக, பணிவிடைத் தலைமை என்றால் அதிகாரத்தைக் கீழே வைத்துவிடுவது இல்லை, மற்றவர் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வதும் இல்லை. கையில் இருக்கிற அதிகாரத்தைக் கீழே இருப்பவர்களுக்காகச் செலவு பண்ணுவது. இதைக் கையில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

கால் கழுவிய கதை நமக்கு ஏன் தலைகீழாகப் புரிகிறது

தலைமை பற்றிப் பேசும் எந்தப் பிரசங்கத்திலும் யோவான் 13 வராமல் இருக்காது. கடைசி இராப்போஜனம். இயேசு எழுந்து, மேலாடையைக் கழற்றி வைத்து, ஒரு சீலையை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீஷர்களின் காலைக் கழுவுகிறார்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு சிக்கல். நமக்குக் கால் கழுவுவது என்றாலே மரியாதை. குருவுக்குப் பாதபூஜை செய்வோம், கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் கால் கழுவுவார்கள். நம் ஊரில் கால் கழுவுகிற தண்ணீர் கீழே இருப்பவரிடமிருந்து மேலே இருப்பவருக்குப் போகும். அதனால் இந்தக் கதையைக் கேட்டால், "இயேசு சீஷர்களைக் கௌரவப்படுத்தினார்" என்று மனம் தானாகவே எழுதிக்கொள்கிறது.

அங்கே கதை வேறு. புழுதி ரோடு, செருப்பு மட்டும் போட்டு நடந்த கால். வீட்டுக்குள் வந்தால் கழுவியாகவேண்டும், அது அந்த வீட்டில் ஆகக் கடைசிப் படியில் இருக்கிறவரின் வேலை. நம் கணக்கில் கக்கூஸ் கழுவுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால்தான் பேதுரு, "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்று பதறுகிறார்.

பெரிய வியாழன் அன்று பல ஆலயங்களில் இதைச் சடங்காகச் செய்வார்கள். நானும் ஒருமுறை பன்னிரண்டு பேரில் ஒருவனாக உட்கார்ந்திருக்கிறேன். உண்மையைச் சொன்னால், முதல் நாளே நகம் வெட்டி, வீட்டில் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவி, புது காலுறை மாட்டிக்கொண்டுதான் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் காலில் பவுடர் வாசம். கழுவ வேண்டிய அழுக்கே இல்லாத காலை ஃபாதர் பயபக்தியோடு கழுவினார். சடங்கைக் குறை சொல்லவில்லை. அழுக்கு இல்லாமல் கழுவுவது எவ்வளவு சுலபம் என்பதுதான் அன்றைக்கு எனக்குப் பட்டது. 2013-ல் போப் பிரான்சிஸ் இதே சடங்கை ரோமில் ஒரு சிறார் சிறையில் போய்ச் செய்தபோது அவ்வளவு பேச்சு ஏன் எழுந்தது என்று நினைத்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

இந்தக் கதையில் பலர் தாண்டிப் போகிற இரண்டு விவரங்கள் உண்டு. ஒன்று, அவரைக் காட்டிக்கொடுக்கப் போகிற யூதாஸ் அப்போது அங்கேதான் இருக்கிறான். அவன் எழுந்து போவது அதற்கு அப்புறம். ஆக அவன் காலும் கழுவப்பட்டது. தனக்கு விசுவாசமாக இருப்பவனுக்கு மட்டும் நல்லவராக இருப்பது கட்சி அரசியல், அதற்கு வேதாகமம் தேவையில்லை. இரண்டாவது இன்னும் முக்கியம். கழுவி முடித்து உட்கார்ந்த இயேசு, "அதிகாரமெல்லாம் எனக்கு ஒன்றுமில்லை, நானும் உங்களைப் போல ஒருத்தன்தான்" என்று சொல்லவில்லை. நீங்கள் என்னைப் போதகர், ஆண்டவர் என்கிறீர்கள், நீங்கள் சொல்வது சரியே என்கிறார். பதவியை மறுக்கவில்லை. அதை வைத்துக்கொண்டேதான் குனிகிறார்.

பந்தி பரிமாறுகிறவர்

மாற்கு 10-ல் யாக்கோபும் யோவானும் வந்து, உமது ராஜ்யத்தில் ஒருவன் வலப்பக்கமும் ஒருவன் இடப்பக்கமும் உட்கார வேண்டும் என்று சீட்டுக் கேட்கிறார்கள். மத்தேயுவில் இதே சம்பவத்தில் அம்மாவே நேரில் வந்து கேட்கிறார். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் கேபிள், அதாவது சிபாரிசு. மற்றப் பத்து பேருக்கும் கோபம் வருகிறது, நமக்கு முந்திக் கேட்டுவிட்டார்களே என்ற கோபமாகத்தான் இருக்கும். அப்போது இயேசு, உலகத்து அதிகாரிகள் இறுமாப்பாய் ஆளுகிறார்கள் என்று சொல்லிவிட்டு, "உங்களுக்குள்ளே அப்படி இருக்கலாகாது" என்கிறார். பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்கிறார்.

பணிவிடைக்காரன் என்று இங்கே வருகிற கிரேக்கச் சொல் டியாக்கோனோஸ். டீக்கன் என்பது அதிலிருந்து வந்ததே. அதன் சாதாரணப் பொருள் சாப்பாடு பரிமாறுகிறவர். கானா ஊர்க் கல்யாணத்தில் ஜாடிகளில் தண்ணீர் நிரப்பினார்களே, அவர்களுக்கும் இதே சொல்தான். அமைச்சரைக் குறிக்கிற மினிஸ்டர் என்ற சொல்லும் லத்தீனில் வேலைக்காரன் என்ற பொருளுடையதுதான். அதைச் சொன்னால் இன்றைக்கு யாராவது நம்புவார்களா, தெரியாது.

நம் கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் முன்னால் நின்று நடத்துகிற மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு. எந்த இலையில் சாம்பார் வரவில்லை, எந்தப் பாட்டிக்குக் காரம் ஆகாது, எந்தக் குழந்தைக்கு அப்பளம் இன்னொன்று வேண்டும் என்று அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். அவர் சாப்பிடுவது கடைசிப் பந்தியில்தான், சில நாள் ரசம் மட்டும்தான் மிஞ்சும். ஆனால் அவரிடம் அதிகாரம் இல்லையா? அவர் கை காட்டினால்தான் அடுத்த பந்தி உட்காரும். யாராவது பெரிய மனுஷன் நடுவில் புகுந்தால், "அண்ணே, கொஞ்சம் பொறுங்க, வெளியூர் சனம் முதல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்வார். ஒருவரும் மறுக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர் தனக்காகப் பேசவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

டியாக்கோனோஸ் என்றால் எனக்கு இந்த மாமாதான் ஞாபகம் வருவார். இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

எதிர்மாதிரி வேண்டுமா? முதல் ராஜாக்கள் 12. சாலொமோன் இறந்த பிறகு மகன் ரெகொபெயாமிடம் சனங்கள் வந்து, உங்கள் அப்பா போட்ட நுகம் பாரமாக இருக்கிறது, கொஞ்சம் இலேசாக்குங்கள் என்கிறார்கள். முதியோர், இன்றைக்கு நீ இந்தச் சனத்துக்குச் சேவகனாக இருந்தால் அவர்கள் என்றைக்கும் உனக்குச் சேவகராக இருப்பார்கள் என்று புத்தி சொல்கிறார்கள். கூட வளர்ந்த வாலிபர்களோ, "என் சுண்டுவிரல் என் அப்பாவின் இடுப்பைவிடப் பருமன்" என்று பதில் சொல்லச் சொல்கிறார்கள். அவன் சினேகிதர்கள் பேச்சைக் கேட்டான். நாடு இரண்டாக உடைந்தது. அதற்குப் பிறகும் கட்டாய வேலைக்குப் பொறுப்பாயிருந்த அதோராமை அனுப்பி வைத்தான், சனம் அவரைக் கல்லெறிந்து கொன்றது. அந்தக் காலத்துக் கங்காணி என்று சொல்லலாமா?

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். இயேசு பெரியவனாக ஆசைப்படாதே என்று சொல்லவில்லை, பெரியவன் யார் என்பதற்கான அளவுகோலை மாற்றினார். இனி, இதை அன்றாடம் எப்படிக் கட்டிக்காப்பது என்பது. பிரசங்கங்களில் குறைவாக வருவது இந்தப் பாதிதான்.

"அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே"

தலைவரிடம் யாராவது கணக்குக் கேட்டால் உடனே ஒரு வசனம் பறந்து வரும். சங்கீதம் 105:15. "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்..."

தயவுசெய்து அந்தச் சங்கீதத்தில் அதற்கு முன்னால் இருக்கிற மூன்று வசனங்களை வாசியுங்கள். அங்கே "அபிஷேகம் பண்ணினவர்கள்" யார்? ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு வழிவந்த ஒரு சின்னக் கூட்டம். கொஞ்சப் பேர், சொந்த நிலம் இல்லை, ஊர் ஊராகத் திரிகிறார்கள். அவர்களைத் தொடாதே என்று தேவன் யாரைக் கடிந்துகொள்கிறார்? ராஜாக்களை. அதாவது, பலசாலியிடமிருந்து பலவீனனைக் காப்பாற்றச் சொல்லப்பட்ட வார்த்தை அது. அதைப் பலசாலி எடுத்துத் தனக்குக் குடையாகப் பிடித்துக்கொள்கிறார். பிடிக்கிறவர் எல்லாரும் கெட்ட எண்ணத்தோடு பிடிக்கிறார் என்று சொல்லமாட்டேன், பலர் கேட்டதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

"தாவீது சவுலைத் தொடவில்லையே" என்பார்கள். ஆமாம், தன்னைக் கொல்லத் துரத்திவந்த சவுல் ராஜா ஒரு கெபியில், அதாவது குகையில், கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தும் கொல்லவில்லை. ஆனால் அப்புறம் என்ன செய்தார்? வெளியே வந்து, சவுலின் சால்வையிலிருந்து அறுத்த துண்டைக் கையில் பிடித்துக் காட்டி, ஏன் என்னைத் துரத்துகிறீர் என்று சத்தமாகக் கேட்டார். கை வைக்கவில்லை, வாயை மூடிக்கொண்டும் இருக்கவில்லை. பின்னாளில் தாவீதே ராஜாவாகித் தப்புச் செய்தபோது தீர்க்கதரிசி நாத்தான் வந்து, "நீயே அந்த மனுஷன்" என்றார். அந்தியோகியாவில் பேதுரு யூதர்களுக்குப் பயந்து புறஜாதியாரோடு சாப்பிடுவதை நிறுத்தியபோது, பவுல் முகமுகமாய் எதிர்த்தார். பேதுருவைவிடப் பெரிய அபிஷேகம் பெற்ற தலைவர் நம் வட்டாரத்தில் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

எல்லாம் நானே

இன்னொரு நோய், தலைவர் எல்லாவற்றையும் தானே சுமப்பது. கேட்டால், "என்ன செய்ய, ஊழியம்" என்பார். யாத்திராகமம் 18-ல் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரை தனியாக உட்கார்ந்து வழக்கு விசாரிக்கிறார், சனம் வரிசையில் நிற்கிறது. பார்க்க வந்த மாமனார் எத்திரோ பாராட்டவில்லை. "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்கிறார். நீரும் தொய்ந்துபோவீர், சனமும் தொய்ந்துபோகும். ஆயிரம் பேருக்கு ஒருவர், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கு ஒருவர் என்று பிரித்துக்கொடும், பெரிய வழக்கு மட்டும் உம்மிடம் வரட்டும். மருமகன் கேட்டுக்கொண்டார். அதுவே பெரிய விஷயம்.

பிரித்துக்கொடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, அது அப்போஸ்தலர் 6-ல். எருசலேம் சபையில் தினசரி சாப்பாட்டுப் பங்கீட்டில் கிரேக்க மொழி பேசுகிற விதவைகள் விடுபட்டுப் போகிறார்கள். முறுமுறுப்பு. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? "குறை சொல்லாதீர்கள், ஜெபம் பண்ணுங்கள்" என்று சொல்லவில்லை. நீங்களே ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். புகார் எந்தப் பக்கத்திலிருந்து வந்ததோ அந்தப் பக்கத்து ஆட்கள் கையிலேயே சாப்பாட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் இதைப் படிக்கத் தோன்றுகிறது.

ஒரே கட்டடத்தில் இரண்டு மூன்று மொழியில் ஆராதனை நடக்கிற நம் ஊர்ச் சபைகளில், எந்த மொழிக்கு ஏர்கான் மண்டபம், எந்த மொழிக்கு மத்தியானம் இரண்டு மணி வெயில் என்று யார் முடிவு செய்கிறார்கள் என்பதை இந்த அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தால் நன்றாக இருக்கும். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

உக்கிராணத்துச் சாவி

வேதாகமத் தமிழில் உக்கிராணக்காரன் என்று ஒரு சொல் வரும். உக்கிராணம் என்றால் பண்டசாலை, கல்யாண வீட்டில் அரிசி பருப்பு அடுக்கி வைக்கிற அறை. அதற்குப் பொறுப்பானவர் உக்கிராணக்காரன். சாவி அவரிடம், சரக்கு அவருடையது இல்லை. தலைமைக்கு இந்த உவமை போதும்: மனிதர், பணம், நேரம், நல்ல பெயர், எதுவும் தலைவருடைய சொந்தச் சரக்கு இல்லை.

சொந்தம் இல்லை என்றால் கணக்குக் கொடுக்கவேண்டும். சாமுவேல் முதியவராகிப் பொறுப்பிலிருந்து ஒதுங்கும்போது சனத்தின் முன் நின்று, யாருடைய எருதை எடுத்தேன், யாருடைய கழுதையை எடுத்தேன், யார் கையில் லஞ்சம் வாங்கினேன், சொல்லுங்கள் என்கிறார். பதவியை விட்டுப் போகும் நாளில் மேடையில் இப்படிக் கேட்கிற தலைவரை நான் இன்னும் பார்க்கவில்லை, பொன்னாடைதான் பார்த்திருக்கிறேன். பவுல் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை சேர்த்தபோதும் அந்தப் பணத்தைத் தனியாகச் சுமந்து போகவில்லை. தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் கூட வைத்துக்கொண்டார். ஒருவரும் குற்றம் சொல்லாதபடிக்கு என்று காரணமும் எழுதிவைத்தார். பவுலை நம்பாமலா? இல்லை. நம்பிக்கை வேறு, ஏற்பாடு வேறு. காணிக்கைப் பெட்டியை ஒருவர் தனியாக எண்ணக் கூடாது, இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போடவேண்டும் என்று பல சபைகளில் வைத்திருக்கிறார்களே, அதற்கு வேர் இங்கே இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு இடத்தில் கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு சட்டி கழுவ வந்தார். உடனே போட்டோ, உடனே வாட்ஸ்ஆப் குரூப்பில் "ஊழியத் தலைமை!" என்று நாற்பது கைதட்டல். அந்தச் சட்டியில் சமைத்த அக்காவுக்கு இரண்டு மாதக் கூலி பாக்கி என்று அந்த அக்காவே குழாயடியில் என்னிடம் சொன்னார். காசோலையில் கையெழுத்துப் போடவேண்டியது அதே தலைவர்தான். சட்டியை யார் வேண்டுமானாலும் கழுவலாம். அந்தக் கையெழுத்தை அவர் மட்டும்தான் போடமுடியும்.

சபைக்கு வெளியே இது செல்லுமா?

கடைசியாக, அடிக்கடி கேட்கப்படும் கேள்வி. நான் பாஸ்டர் இல்லை, மூப்பர் இல்லை, எனக்கு இதில் என்ன இருக்கிறது?

எங்கள் ஜெபக்கூட்டத்துக்கு வரும் ஒரு அக்கா பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடர். பெரிய பதவி இல்லை. ஆனால் ஷிஃப்ட் அட்டவணை அவர் கையில். அந்த வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய ஆயுதம் என்று. பொதுவிடுமுறையில் வேலை செய்தால் மூன்று மடங்கு சம்பளம். சிலருக்கு அந்த நாள் வேலை வேண்டும், சிலருக்கு அந்த நாள் லீவு வேண்டும். இவருக்கு முன்னால் இருந்தவர் இரண்டையும் தன் கூட்டாளிகளுக்கே கொடுத்துவந்தார். யாரும் எழுதிப் புகார் கொடுக்க முடியாது, ஏனென்றால் எழுதிய விதி எதுவும் இல்லை.

அக்கா பொறுப்புக்கு வந்ததும், "நான் நியாயமாக நடப்பேன், என்னை நம்புங்கள்" என்று கூட்டம் போட்டுச் சொல்லவில்லை. ஒரு பெரிய தாளில் வருடத்தின் எல்லா விடுமுறைகளையும் கட்டம் போட்டு, லைனில் இருக்கிற எல்லார் பெயரையும் சுழற்சியில் எழுதி, லாக்கர் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். நேப்பாளத்துப் பெண்களிடம் அவர்களுடைய தசைன் பண்டிகை என்றைக்கு வருகிறது என்று கேட்டு, நம் நாட்காட்டியில் விடுமுறை இல்லாத அந்த நாட்களையும் ஒரு கட்டமாகச் சேர்த்தார். யாராவது மாற்றிக்கொள்ளவேண்டும் என்றால் இரண்டு பேரும் தாளிலேயே கையெழுத்துப் போடவேண்டும். மூன்று மாதம் கழித்து அவரை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். தாள் அங்கேயே இருக்கிறது, பசை டேப் மேல் டேப் ஒட்டி.

புது லைனிலும் அதே மாதிரி ஒரு தாள் ஒட்டினார், தன் பெயரையும் சேர்த்து. அந்த வருடம் டிசம்பர் 25 இரவு ஷிஃப்ட் அவர் முறையாக வந்தது. தூக்கம் இருக்கவேண்டும் என்று கிறிஸ்துமஸ் காலை ஆராதனைக்கு வரவில்லை. முறுக்கையும் கேக்கையும் நாங்கள் 26-ஆம் தேதி மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தோம். கதவைத் திறந்தபோது இன்னும் தூக்கக் கலக்கம்தான்.